கேள்வி – பதில்: ரீகால் கடிதம் வந்து சேராத கார்கள்

ஏர்பேக் குறைபாட்டுக்காக நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகப் பாகம் மாற்றித் தருவது (ரீகால்) பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அப்பச்சி 2009-ஆம் ஆண்டு வாங்கிய ஜப்பானிய நிறுவனக் கார் ஒன்று ஊர் வீட்டுக் கார் கொட்டகையில் நிற்கிறது. அப்பச்சி காலமான பிறகு நாங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறோம். படைப்புக்கும் கல்யாணங்களுக்கும் ஊருக்கு வரும்போது மட்டும்தான் அந்தக் காரை எடுப்போம். இதுவரை முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அந்த வகைக் கார்களில் ஏர்பேக் வெடித்து ஆட்கள் இறந்திருப்பதாக மலேசியாவில் உள்ள உறவினர் ஒருவர் சொல்கிறார். எங்களுக்கு நிறுவனத்திடமிருந்து எந்தக் கடிதமும் வந்ததில்லை. அதிகம் ஓடாத காருக்கும் நாங்கள் அஞ்ச வேண்டுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: அதிகம் ஓடவில்லை என்பது எஞ்சினுக்கும் டயருக்கும் ஓரளவு ஆறுதலாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்கும் குறைபாட்டுக்கும் கார் ஓடிய தூரத்துக்கும் தொடர்பே இல்லை. கார் எத்தனை ஆண்டு, எத்தகைய வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்தது என்பதே இங்கு கணக்கு. அந்தக் கணக்கில் உங்கள் கார் கவனிக்க வேண்டிய வரிசையின் முன்னால் நிற்கிறது.

உங்கள் உறவினர் குறிப்பிடுவது, ஜப்பானைச் சேர்ந்த டகாடா என்ற நிறுவனம் தயாரித்துப் பல கார் நிறுவனங்களுக்கு விற்ற ஏர்பேக்குகளைப் பற்றியது. ஏர்பேக் என்பது ஒரு துணிப்பையும், அதை விரிக்கும் இன்ஃப்ளேட்டர் எனப்படும் உலோகக் குப்பியும் சேர்ந்தது. மோதல் நிகழ்ந்ததும் உணரிகள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகின்றன. அது குப்பியில் உள்ள ரசாயனத்தைப் பற்றவைக்கிறது. அதிலிருந்து எழும் வாயு, நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பையை விரிக்கிறது. டகாடா தன் குப்பிகளில் பயன்படுத்திய ரசாயனம் அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் உலர்த்திப் பொருள் சேர்க்கப்படாத குப்பிகளில், பல ஆண்டுகள் பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, உள்ளே கசிந்த ஈரத்தால் அந்த ரசாயன வில்லைகள் சிதைந்து நுண்துளைகள் நிறைந்தவையாகிவிடுகின்றன. நமத்துப்போன வெடி வெடிக்காது என்பது நாம் தீபாவளிதோறும் காண்பது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. துளைகள் கூடிய வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது, குப்பிக்குள் அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறுகிறது, பையை விரிக்க வேண்டிய உலோகக் குப்பியே உடைந்து அதன் சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உயிர் தப்பியிருக்கக்கூடிய சாதாரண மோதல்களில்கூட மரணம் நேர்ந்தது இதனால்தான்.

மலேசியாவைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது உண்மையே. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரவாக் மாநிலத்தின் சிபு நகரில், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரில் சென்ற கர்ப்பிணி ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். அமெரிக்காவில் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். உலகெங்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டகாடா நிறுவனம் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திவால் மனு அளித்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, மாநிலங்களை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வைத்துப் பிரித்து, புளோரிடா போன்ற புழுக்கமான மாநிலங்களின் கார்களுக்குத்தான் முதலில் பாகங்கள் போய்ச் சேரும்படி செய்தது என்பதைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் அடிக்கும் வெயிலையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக்குள் தேங்கும் ஈரத்தையும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அறுபது டிகிரியைத் தாண்டிச் சுடும். முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் இருப்பதோ சரியாக அந்த டேஷ்போர்டுக்கு உள்ளேதான்.

இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்ட், சி.ஆர்.-வி ஆகிய கார்களைப் பல தவணைகளாகத் திரும்ப அழைத்தது. 2015-லும் 2016-லும் அழைக்கப்பட்டவை லட்சக்கணக்கில் இருந்தன. அதன் பிறகு 2017 ஜனவரியில், 2012-ஆம் ஆண்டு உருவான 41,580 கார்களும், 2018 ஜனவரியில், 2013-ஆம் ஆண்டு உருவான 22,834 கார்களும் அழைக்கப்பட்டன. டொயோட்டாவின் கொரோலா ஆல்டிஸ் கார்களும் இதே காரணத்துக்காக அழைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 2009-ஆம் ஆண்டுக் கார் இவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்றே கொண்டு செயல்படுங்கள்.

கடிதம் வராததைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் இதுவே மிகப் பெரிய தடை என்று நான் கருதுகிறேன். நிறுவனம் கடிதம் அனுப்புவது கார் வாங்கியபோது விற்பனையகத்தில் எழுதிக்கொடுத்த முகவரிக்கு. குறுஞ்செய்தி அனுப்புவது அன்று கொடுத்த கைபேசி எண்ணுக்கு. நம் ஊர்களில் ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும் வளவு வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்திருக்கலாம். வாட்ச்மேன் வாங்கி முகப்புத் திண்ணையில் வைத்திருக்கலாம். தபால்காரர் திருப்பி அனுப்பியிருக்கலாம். கைபேசி எண்ணோ காலமானவருடையது. கடிதம் வரவில்லை என்பதை வைத்துக் கார் பாதுகாப்பானது என்று முடிவுகட்டவே கூடாது.

இன்றே செய்ய வேண்டியது, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அதை இட்டுப் பார்ப்பது. சிங்கப்பூரில் இருந்துகொண்டே இதைச் செய்துவிடலாம், ஆர்.சி.யின் புகைப்படம் ஒன்று கைபேசியில் இருந்தால் போதும். பட்டியலில் இருந்தால், பாகத்தை மாற்றும் வரை அந்தக் காரை எடுக்காதீர்கள். அடுத்த கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போய் வாருங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ சர்வீஸ் சென்டருக்கு நீங்களே ஓட்டிச் செல்வதைவிட, காரை ஏற்றிச் செல்ல வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள்; இந்தக் குறைபாட்டின் தன்மைக்கு அது நியாயமான கோரிக்கையே. இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: ஓட்டுநர் பக்கத்துக்கும் பயணி பக்கத்துக்கும் வெவ்வேறு காலத்தில் தனித்தனி அழைப்புகள் வந்திருக்கின்றன. அப்பச்சி இருந்த காலத்தில் ஒரு பக்கம் மாற்றப்பட்டிருந்தால், மறுபக்கம் மாற்றாமல் விடுபட்டிருக்கலாம். ஆரம்ப காலத்தில் மாற்றிய சில குப்பிகளே மறுபடியும் திரும்ப அழைக்கப்பட்டதும் வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. எனவே ஒருமுறை செய்தாயிற்று என்று யாராவது சொன்னாலும் எண்ணை மீண்டும் சரிபார்ப்பதில் தவறில்லை.

ஆர்.சி. இன்னமும் அப்பச்சி பெயரிலேயே இருந்தால், வாரிசுகளில் ஒருவரின் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் படிவம் 31 இருக்கிறது. ரீகால் வேலைக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குறைபாடு காருக்கு உரியது, பெயருக்கு உரியதன்று. ஆயினும் மாற்றிக்கொண்டால் அடுத்த அறிவிப்பாவது உங்கள் கைக்கு வந்து சேரும்.

கேள்வி: இரண்டு கை மாறிய காரை மூன்றாவதாக நான் வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. காரைக்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமே சர்வீஸ் பார்க்கிறேன். கம்பெனி சர்வீஸுக்கு ஒருநாளும் போனதில்லை. நான் போய்க் கேட்டால் ரீகால் வேலையைச் செய்து தருவார்களா? சேசிஸ் எண்ணை எங்கே பார்ப்பது?
– தேவகோட்டை வாசகர்

பதில்: செய்து தர வேண்டும். காரை எத்தனாவது ஆளாக வாங்கினீர்கள் என்பதோ, சர்வீஸ் எங்கே பார்த்தீர்கள் என்பதோ, வாரண்டி முடிந்துவிட்டதா என்பதோ ரீகாலுக்குத் தடையாகாது. பாகத்துக்கும் வேலைக்கும் காசு கிடையாது. காரை நிறுவனம் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சிலர் அஞ்சி எழுதியிருக்கிறார்கள். அப்படி ஏதும் இல்லை, குறைபாடுள்ள பாகத்தை மட்டும் மாற்றிக் காரைத் திருப்பித் தருவார்கள்.

சேசிஸ் எண் மொத்தம் 17 எழுத்துகளும் எண்களும் கலந்தது. ஆர்.சி. அட்டையிலும், காப்பீட்டுப் பத்திரத்திலும் அச்சிட்டிருக்கும், டிஜிலாக்கரில் ஆர்.சி. வைத்திருப்பவர்கள் அதிலும் பார்க்கலாம். காரில், மாடலைப் பொறுத்து, பானட்டைத் தூக்கினால் எஞ்சின் அறைக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தகட்டிலோ, முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பை விலக்கினால் தெரியும் உலோகத்திலோ பொறித்திருக்கும். எழுதும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே வராது. ஓ என்று தோன்றுவது பூஜ்யம். ஐ என்று தோன்றுவது ஒன்று. இதைத் தவறாக இட்டால் இணையதளம் உங்கள் காரை அறியாது. சிலர் அதைக் கண்டு, நம் கார் பட்டியலில் இல்லை என்று எண்ணிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் உங்கள் எண்ணை இட்டதும், இந்த எண்ணுக்கு ரீகால் ஏதும் நிலுவையில் இல்லை என்று தெளிவான பதில் வந்ததா, அல்லது எண்ணே செல்லாது என்று வந்ததா என்று பிரித்துப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனால் இன்னும் நல்லது. அதே எண்ணைக் கணினியில் தட்டி, நிலுவையில் உள்ள அனைத்து ரீகால்களையும் அவர்களால் சொல்ல முடியும். போன கையோடு உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றையும் அவர்களின் பதிவில் மாற்றச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறினால் நிறுவனத்தின் பதிவும் தானாக மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் உரிமையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும் அறிவிப்பு, அவர் காரை விற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கே போய்க்கொண்டிருக்கும்.

உங்களைப் போலக் கைமாறிய கார் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு. முன்பு விபத்தில் ஏர்பேக் விரிந்த காருக்கு, புதிய பாகம் வைக்காமல், பழைய காரிலிருந்து கழற்றிய ஏர்பேக்கைப் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பொருத்திய பாகம், உங்கள் காரின் சேசிஸ் எண்ணோடு நிறுவனம் வைத்திருக்கும் பதிவுக்கு உட்படாது. எண் சுத்தமாக இருந்தாலும் உள்ளே இருப்பது திரும்ப அழைக்கப்பட்ட குப்பியாக இருக்கலாம். முன் பம்பர், டேஷ்போர்டு, ஸ்டியரிங் மூடி ஆகியவற்றில் வேலை நடந்த தடயம் தெரிந்தால், ரீகால் விசாரிக்கும்போதே ஏர்பேக் பாகங்களின் எண்ணையும் பார்த்துச் சொல்லும்படி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

கேள்வி: என் கார் ரீகால் பட்டியலில் இருக்கிறது என்று இணையதளத்தில் தெரிந்துகொண்டு, எழுபது கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றேன். சர்வீஸ் சென்டரில், பாகம் ஸ்டாக் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதமாகியும் அழைப்பு இல்லை. மறுபடி போனபோது, பாகம் இலவசம், லேபர் சார்ஜ் மட்டும் கட்ட வேண்டும் என்றார் ஒருவர். சட்டத்தில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது?
– புதுவயல் வாசகர்

பதில்: லேபர் சார்ஜ் கேட்டது முறையன்று. அதைக் கட்டாதீர்கள், கட்டிவிட்டிருந்தால் ரசீதோடு திரும்பக் கேளுங்கள்.

பாகம் கிடைக்கத் தாமதமாவது சில சமயம் நேர்வதுதான். ஆனால் வாய்மொழியாகக் கூப்பிடுகிறோம் என்று சொல்லி ஒருவரை எழுபது கிலோமீட்டர் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கவில்லை. நீங்கள் போன தேதி எங்கும் பதிவாகவில்லை என்பதே இதில் உங்களுக்கு நேர்ந்த இழப்பு. அடுத்த முறை போகும் முன் தொலைபேசியில் முன்பதிவு செய்து, பாகம் வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போனதும் ஜாப் கார்டு எனப்படும் பணிச்சீட்டைத் திறக்கச் சொல்லி, அதில் ரீகாலின் பெயரையும், பாகம் இல்லாததால் வேலை நடக்கவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளின் படத்தை இணைத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாகம் வரும் வரை இந்தக் காரை ஓட்டலாமா கூடாதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டி வரும்போது, கிடங்கில் இல்லாத பாகம் வேறு கிளையிலிருந்து வந்து சேர்வதுண்டு.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல் கார் உற்பத்தியாளர்கள் தாங்களாக வகுத்துக்கொண்ட நெறிப்படியே ரீகால் நடந்துவந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அப்படி ஆணை வந்தால் நிறுவனம் பழுதை நீக்க வேண்டும், அல்லது வேறு வாகனம் தர வேண்டும், அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அபராதம் பத்து லட்சம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. அரசின் பரிவாகன் தளத்தோடு இணைந்த பகுதியில் உரிமையாளர்களே குறைபாட்டைப் பதிவுசெய்யலாம். போதுமான எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் கட்டாய விசாரணை தொடங்கும் என்பதால், ஒவ்வொருவரும் பதிவுசெய்வது பயனற்ற செயலன்று.

இந்த விதிகளில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒரு வரம்பு இருக்கிறது. அரசு ஆணையிடும் கட்டாய ரீகால், ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். மேலே நாம் பார்த்த டகாடா குறைபாடு பெரும்பாலும் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகுதான் முற்றுகிறது. எந்த வயதில் ஆபத்து கூடுகிறதோ அந்த வயதில் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. பழைய கார்களே மிகுதியாக ஓடும் சிற்றூர்களை எண்ணிப் பார்த்து இந்த வரம்பைத் திருத்த வேண்டும். நிறுவனம் தானாக முன்வந்து அறிவித்த ரீகாலுக்கு இந்த வயது வரம்பு காரணமாகச் சொல்லப்படக் கூடாது. அப்படிச் சொன்னால், அறிவிப்பில் உங்கள் காரின் உற்பத்தி ஆண்டு இருப்பதைக் காட்டுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அடுத்த படி சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. ஏர்பேக் வழக்குகளில் நீதிமன்றங்கள் நுகர்வோர் பக்கம் நின்றதுண்டு. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு கிரெட்டா காரின் வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுச் சொல்லும் இயற்பியல் நிபுணராக வாங்குபவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே நிறுவனம் முன்வைத்த வாதம், விரியும் அளவுக்கு மோதல் பலமாக இல்லை என்பது. உங்கள் நிலைமை அதைவிட எளிது; குறைபாட்டை நிறுவனமே ஒப்புக்கொண்டு அறிவித்திருக்கிறது.

கேள்வி: காரில் முன்பக்கம் பிள்ளையார் சிலை ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். பிள்ளையார்பட்டியில் பூஜை செய்து வாங்கியது. ரீகால் வேலைக்குக் காரை விட்டபோது, அதை எடுத்துவிடுங்கள் என்று அங்கிருந்த தம்பி சொன்னார். எங்கள் மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: அந்தத் தம்பி சரியாகச் சொல்லியிருக்கிறார். சிலை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்க இருக்கைக்கு நேர் எதிரே, டேஷ்போர்டில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் பொறித்த மூடி இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். மோதலின்போது அந்தக் கோட்டில் பிளந்துதான் பை வெளியே வருகிறது. அந்த மூடியின் மேல் ஒட்டிய கல் சிலை, பை விரியும் வேகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் அறையும். பெரும்பாலும் அந்த இருக்கையில் இருப்பது உங்கள் மாமியாராகத்தான் இருக்கும். நல்ல பாகத்தை மாற்றி வைத்துவிட்டு அதன் வாசலை அடைப்பதில் என்ன பயன்? சிலையைப் பூஜை அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். காரில் பிள்ளையார் இருக்க வேண்டும் என்றால், தட்டையான சிறு படம் ஒன்றை ஏர்பேக் மூடியை விட்டு விலகிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். எலுமிச்சம்பழத்தையும் அந்த மூடியின்மேல் வைக்க வேண்டாம்.

இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால், வெளியில் தைத்துப் போட்ட இறுக்கமான சீட் கவரும் அதே தடையைத்தான் செய்யும். முன் இருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஏர்பேக் நல்ல நிலையில் இருந்தாலும், பெல்ட் அணிந்த பெரியவரை எண்ணி வடிவமைக்கப்பட்டது அது. மடியில் இருக்கும் பிள்ளையை அது காப்பாற்றாது.

கேள்வி: நான் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. எங்கள் முதலாளி அண்ணன், பல்பைக் கழற்றிவிடு என்கிறார். இதுவும் ரீகாலா?
– பொன்னமராவதி வாசகர்

பதில்: விளக்கு எரிவதும் ரீகாலும் ஒன்றல்ல. டகாடா வகைக் குறைபாடு இருக்கும் காரில் விளக்கு எரியாது; குப்பியின் உள்ளே ரசாயனம் சிதைவதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியால் அறிய முடியாது. விளக்கு எரிந்தால் மின் இணைப்பில் கோளாறு இருக்கிறது, விபத்து நேர்ந்தால் பை விரியாமல் போகலாம் என்று பொருள். ஸ்டியரிங்குக்குள் சுருள் வடிவில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், இருக்கைக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற இணைப்பு தளர்ந்திருக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாக இருந்து ரீகால் வந்ததும் உண்டு: 2023 ஜனவரியில் மாருதி சுசுகி நிறுவனம், ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் 17,362 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்து, பாகம் மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. உங்கள் கார் இவற்றுள் ஒன்றாக இருந்து, 2022 டிசம்பரிலோ 2023 ஜனவரியிலோ உருவானதென்றால் உடனே எண்ணைச் சரிபாருங்கள்.

பல்பைக் கழற்றும் யோசனையை உங்கள் முதலாளி அண்ணனிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் வண்டி அது. முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவர் நீங்கள்.

கேள்வி: ரீகாலில் உள்ள ஏர்பேக்கை நம்பி ஓட்டுவதைவிட, ஃபியூஸை எடுத்துவிட்டால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். வேண்டுமென்றால் அவரே ஸ்டியரிங்கைப் பிரித்துக் குப்பியைக் கழற்றித் தருவதாகவும் சொல்கிறார். செய்யலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: இரண்டையுமே செய்யக் கூடாது. குப்பி என்பது வெடிபொருள் அடைத்த பாகம். அதைக் கழற்றும் பயிற்சி பெற்றவர்கள் முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேர்ந்திருக்கும் மின்சாரம் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் பிறகே மஞ்சள் இணைப்பில் கை வைக்கிறார்கள். கழற்றிய ஏர்பேக்கை மூடிப்பக்கம் மேலே இருக்கும்படிதான் வைப்பார்கள், தவறி விரிந்தாலும் அந்தப் பாகமே மேல்நோக்கி எறியப்படாமல் இருப்பதற்காக. உங்கள் மெக்கானிக் எஞ்சின் வேலையில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், இதற்கான கருவியும் பயிற்சியும் இல்லாமல் அவர் முகத்துக்கு நேரே அதைப் பிரிப்பது அவர் உயிருக்கே ஆபத்து. கழற்றிய குப்பி பழைய இரும்புக் கடைக்குப் போனால், அங்கே அதை நெருப்பில் போடுபவருக்கும் அதே ஆபத்து. ரீகாலில் மாற்றும் பழைய குப்பியை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஃபியூஸை எடுத்தால் சில கார்களில் பெல்ட்டை இறுக்கும் கருவியும் சேர்ந்து செயலிழக்கும். பாகம் வரும் வரை காரை நிறுத்திவைப்பதே முறை. வேறு வழியே இல்லாமல் ஒருமுறை ஓட்ட நேர்ந்தால், முன்பக்கப் பயணி இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ரீகால் வேலை முடியாத காரை விற்கலாமா?
– நாச்சியாபுரம் வாசகர்

பதில்: வேலையை முடித்துவிட்டு விற்பதே சரி, இலவசமாகவே செய்து தருகிறார்கள் என்னும்போது தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. பாகம் வராமல் விற்க நேர்ந்தால், ரீகால் நிலுவையில் இருப்பதை வாங்குபவரிடம் சொல்லி, விற்பனைத் தாளில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி. மாற்றும் அன்றே அவரது கைபேசி எண்ணை நிறுவனத்தின் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சேசிஸ் எண்ணும் புதிய ஆர்.சி.யின் நகலும் போதும்.